பொது முதலுக்குக் காவல்: நெய்வேலியிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

தென்னாற்காடு ஜில்லாவில், முந்திரியும் பலாவும் செழித்த செம்மண் மேட்டில், 1930களின் நடுப்பகுதியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகக் கிணறு இறக்கியபோது, ஊற்றுநீரோடு கரிய பொருளொன்றும் சேர்ந்து வந்ததைக் கண்டு, அது இன்னதென்று அறியும் ஆவலால் அதிகாரிகளுக்குத் தெரியப்படுத்தினார் என்பது நெய்வேலி வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. அது பழுப்பு நிலக்கரி என்பது உறுதிப்பட்டு, 1940களில் நிலவியல் அறிஞர்கள் துளையிட்டு ஆராய்ந்து, சென்னை ராஜ்ய சர்க்கார் சோதனைச் சுரங்கம் ஒன்றை வெட்டிப் பார்த்து, 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் மத்திய சர்க்காரின் கம்பெனியாக ஸ்தாபிக்கப்பட்டு, 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்து, 1961-ல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டு, மறு ஆண்டே சோவியத் உதவியுடன் எழுந்த அனல் மின்நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியபோது, தமிழ்நாட்டின் தொழில் வாழ்வில் ஒரு புதிய யுகம் பிறந்ததென்று மக்கள் மகிழ்ந்தது முற்றிலும் நியாயமே. அந்த மகிழ்ச்சிக்காகத் தங்கள் வயலையும் வீட்டையும் குலதெய்வக் கோயிலையும் விட்டுப் பெயர்ந்து சென்ற கிராமங்களின் குடிகளும் உண்டு. அவர்களுடைய தியாகத்தின் மீதே வட்டம் வட்டமாக வகுத்த வீதிகளும், தொழிலாளர் வீடுகளும், பள்ளிகளும், மருத்துவமனையும் கொண்ட அந்த நகரியம் எழுந்தது. ஆகவே நெய்வேலியில் செலவாகும் ஒவ்வொரு ரூபாயும், கஜானாவின் பணம் என்பதற்கும் மேலாக, பலர் தம் உடைமையைக் கொடுத்து உருவாக்கிய பொது முதல் என்ற பார்வையோடுதான் அந்த முதலுக்குக் காவல் இருந்த, இருக்க வேண்டிய ஸ்தாபனங்களின் வரலாற்றை ஆராய்வது தகும்.

சர்க்கார் என்றால் வரி வசூலிப்பதும், கச்சேரி நடத்துவதும், அமைதி காப்பதுமே என்றிருந்த காலம் போய், சர்க்காரே மண்ணை வெட்டி, யந்திரம் வாங்கி, வீடு கட்டி, மின்சாரம் விற்கும் வியாபாரியாகவும் மாறிய காலம் அது. கடலளவு மண்ணை அகற்றினாலன்றி நிலக்கரியைக் காண முடியாத நெய்வேலியில், ஜெர்மனியிலிருந்து ராட்சதச் சக்கர வெட்டு யந்திரங்கள் வந்தன. உரத் தொழிற்சாலை வந்தது. சென்னை நகரத்து அடுப்புகளில் லெக்கோ என்ற பெயரில் எரிந்த கரிக்கட்டிகளை வார்க்கும் ஆலை வந்தது. இவற்றுக்கெல்லாம் டெண்டர்களும், காண்டிராக்டர்களும், அளவுப் புத்தகங்களும், பட்டியல்களும் உடன் வந்தன. எங்கே பெருந்தொகை கை மாறுகிறதோ, எங்கே ஒரு பொறியாளரின் கையெழுத்தால் அளந்த மண் அதிகமாகவோ குறைவாகவோ ஆகிவிடக்கூடுமோ, அங்கே சபலத்திற்கும் வழி திறந்திருக்கும் என்பது மனித சுபாவத்தை அறிந்த எவருக்கும் தெரிந்ததே. இது நெய்வேலிக்கு மட்டும் உரிய குறையன்று. பிலாயிலும், ரூர்க்கேலாவிலும், துர்க்காப்பூரிலும் அந்நாளில் எழுந்த பொதுத்துறைத் தொழில்கள் அனைத்திற்கும் பொதுவான அபாயம்.

அந்த அபாயத்தை உணர்ந்து முதலில் அமைந்த காவல் தணிக்கை. 1956-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், சர்க்கார் கம்பெனிகளின் கணக்குகளைத் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் மேற்பார்வைக்கு உட்படுத்தியது. 1964-ல் பொதுத்துறைத் தொழில்களுக்கென்றே பார்லிமெண்டில் ஒரு தனிக் கமிட்டியும் ஏற்பட்டது. இவற்றின் பயன் சிறிதன்று. தேவைக்கு மேல் வாங்கிக் கிடங்கில் தேங்கிய சாமான்களையும், காலம் கடந்து முடிந்த வேலைகளையும், மதிப்பீட்டை மீறிய செலவுகளையும் நாட்டுக்கு எடுத்துக்காட்டியவர்கள் தணிக்கையாளர்களே. ஆயினும் தணிக்கை, பணம் செலவான பின்னர் காகிதத்தைப் பார்த்துப் பேசுவது; காகிதம் ஒழுங்காக இருக்கும்போது, அந்தக் காகிதத்திற்குப் பின்னால் இருவர் தனித்துப் பேசி முடித்த பேரத்தை அது காண்பதற்கில்லை. தவறைச் சுட்டிக்காட்டலாமேயன்றி, தவறு செய்தவனைப் பிடிப்பது அதன் தொழிலும் அன்று.

பிடிப்பதற்கான ஏற்பாடு யுத்த காலத்தில் பிறந்தது. இரண்டாவது உலக யுத்தத்திற்காகச் சர்க்கார் சாமான்களை மலை மலையாகக் கொள்முதல் செய்தபோது பெருகிய லஞ்சத்தை விசாரிக்க, 1941-ல் யுத்த இலாகாவின் கீழ் விசேஷப் போலீஸ் ஸ்தாபனம் ஏற்படுத்தப்பட்டது. யுத்தம் முடிந்த பிறகும் அதன் தேவை முடியாததால் 1946-ல் டெல்லி விசேஷப் போலீஸ் ஸ்தாபனச் சட்டம் வந்தது. அதுவே 1963 ஏப்ரல் 1 அன்று சி.பி.ஐ. என்ற பெயரோடு விரிந்தது. இன்றைக்கும் அந்தப் பெரிய ஸ்தாபனம் தன் அதிகாரத்தைப் பெறுவது அந்த 1946-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்துதான் என்பது, நம் நாட்டில் காவல் அமைப்புகள் முன்யோசனையால் வகுக்கப்படாமல், அவ்வப்போது நேர்ந்த நெருக்கடிகளுக்கு விடையாகவே தோன்றின என்பதற்கு ஓர் அத்தாட்சி.

அத்தகைய நெருக்கடிகளுள் தமிழ்நாட்டார் நன்கு அறிந்தது முந்த்ரா விவகாரம். அப்போதுதான் தேசியமயமாகியிருந்த லைஃப் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன், ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் கம்பெனிகளில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாயை முறையின்றி முதலீடு செய்தது என்று 1957-ன் இறுதியில் பெரோஸ் காந்தி லோக்சபையில் கிளப்பிய பிரச்சினையை விசாரிக்க, பம்பாய் ஹைகோர்ட் பிரதம நீதிபதி எம். சி. சாக்ளா நியமிக்கப்பட்டார். அவர் மக்கள் கூடிக் கேட்கும்படி பகிரங்கமாக விசாரணை நடத்தி, நியமனம் பெற்ற ஒரு மாத காலத்திற்குள்ளாகவே அறிக்கை தந்தார்; 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமாச் செய்தார். அந்த விசாரணையின் முடிபுகளைப் பற்றி இன்றும் அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆனால் விசாரிப்பவர் விசாரிக்கப்படுவோரின் கையை எதிர்பாராதவராயிருந்து, கதவைத் திறந்துவைத்து, காலத்தை வீணாக்காமல் நடத்தினால், அதிகாரத்தின் உச்சியையும் ஒரு விசாரணை எட்டக்கூடும் என்பதை அது ஐயத்திற்கு இடமின்றி நிரூபித்தது. விலகி நிற்கும் தூரமும், முடிவின் விரைவும் ஆகிய இந்த இரண்டு லட்சணங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு பின்வந்த ஆண்டுகளைப் பார்த்தால், எங்கே வென்றோம், எங்கே தவறினோம் என்பது தெளிவாகும்.

1962-ல் உள்நாட்டு மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி, லஞ்ச ஒழிப்பு முறைகளை ஆராய ஒரு கமிட்டியை அமைத்து, அதற்குத் தலைவராகக் கே. சந்தானத்தைத் தேர்ந்தெடுத்தார். தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்தவரும், காந்தீயத் தொண்டரும், பத்திரிகையாளரும், அரசியல் நிர்ணய சபை உறுப்பினரும், ரயில்வே ராஜாங்க மந்திரியாகவும் இரண்டாவது நிதிக் கமிஷன் தலைவராகவும் பணியாற்றியவருமான அப்பெரியார், சர்க்காரை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் கண்டவர். 1964 மார்ச்சில் முற்றுப்பெற்ற அக்கமிட்டியின் அறிக்கை, பொதுவான ஒழுக்கப் பிரசங்கமாக நில்லாமல், நோயின் வேரைத் தொட்டது. கட்டட வேலைகளில் காண்டிராக்ட் தொகையில் நூற்றுக்கு 7 முதல் 11 வரை உத்தியோகஸ்தர்களுக்குள் பங்கிடப்படுவது வழக்கமாகிவிட்டது என்று சாட்சிகள் கூறியதை அது ஒளிக்காமல் எழுதியது. அதைவிட முக்கியமாக, சட்டவிரோதமான காரியத்தைச் செய்விக்கக் கொடுக்கப்படும் லஞ்சத்தைக் காட்டிலும், நியாயமாகக் கிடைக்க வேண்டியதையே காலத்தில் பெறுவதற்காகக் கொடுக்கப்படும் விரைவுப் பணமே நிர்வாகம் முழுவதும் பரவியிருக்கிறது என்றும், தாமதமே ஊழலுக்குத் தாய் என்றும் அது கண்டது. நெய்வேலியைப் போன்ற இடத்தில் இதன் பொருளைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. பட்டியல் பாஸ் ஆகாமல் கூலி கொடுக்க இயலாத சிறு காண்டிராக்டரும், நஷ்டஈட்டுக் காசோலைக்காக ஆபீசுக்கு நடக்கும் நிலம் கொடுத்த விவசாயியும், பெயர் பதிவுக்காகக் காத்திருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியும் எந்தப் பொதுத்துறை ஊரிலும் இந்தத் தாமதத்தின் கைதிகளே.

கமிட்டியின் இறுதி அறிக்கைக்கு முன்பே, அதன் சிபாரிசின்மேல், 1964 பிப்ரவரி 11-ஆம் தேதித் தீர்மானத்தால் மத்திய விஜிலென்ஸ் கமிஷன் தோன்றியது; மைசூர் ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதியாயிருந்த நிட்டூர் ஸ்ரீநிவாச ராவ் முதல் கமிஷனராகப் பதவி ஏற்றார். ஒவ்வோர் இலாகாவிலும் பொதுத்துறைக் கம்பெனியிலும் தலைமை விஜிலென்ஸ் அதிகாரி ஒருவர் இருந்து, புகாரை ஆராய்ந்து கமிஷனின் யோசனையைப் பெறுவது என்ற முறை அன்று வகுக்கப்பட்டதே. மராமத்து வேலைகளைத் தொழில்நுணுக்கத்தோடு சோதிக்க 1957-லேயே ஏற்பட்டிருந்த தலைமைத் தொழில்நுட்பச் சோதகரின் அமைப்பும் கமிஷனோடு இணைக்கப்பட்டது. இது மிகச் சிறந்த ஏற்பாடு என்பது என் துணிபு. ஏனெனில் எஞ்சினீயர் எழுதிய அளவை மற்றோர் எஞ்சினீயரே நேரில் வந்து அளந்து, கான்கிரீட்டில் சிமெண்டின் விகிதத்தையும் கம்பியின் கனத்தையும் பார்த்தாலன்றி, ஒரு சுவர் கணக்கில் நிற்பது போலவே தரையிலும் நிற்கிறதா என்பதை எந்தப் போலீஸ்காரராலும் அறிய முடியாது.

ஆனால் அந்தக் கமிஷனுக்கு அளிக்கப்பட்டது யோசனை சொல்லும் உரிமையேயன்றி ஆணையிடும் அதிகாரமன்று. குற்றம் புரிந்தவரென்று அது கருதியவரைத் தண்டிப்பதும் விடுவதும் அவருடைய இலாகாவின் மேலதிகாரி கையிலேயே இருந்தது; வழக்குத் தொடர்வதற்கும் அவருடைய அனுமதி வேண்டும். கம்பெனிக்குள் அமரும் விஜிலென்ஸ் அதிகாரி வெளியிலிருந்து வரும் உத்தியோகஸ்தராக, குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும் நியமிக்கப்படுவது வழக்கம். ஆயினும் அவரிடம் பணிபுரியும் எழுத்தரும் எஞ்சினீயரும் பெரும்பாலும் அதே கம்பெனியின் ஊழியர்களாயிருந்து, நாளைக்குத் தாம் யாரை விசாரித்தார்களோ அவர் கீழேயே மீண்டும் வேலை பார்க்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள். நெய்வேலிச் சுரங்கத்தை அறிந்தவர்களுக்கு ஓர் உவமை உடனே தோன்றும்: நிலக்கரிப் படுகைக்கு அடியில் பேரழுத்தத்தோடு நிற்கும் ஆர்ட்டீசியன் நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டேயிருந்தால்தான் சுரங்கத்தின் தரை பொங்கி எழாமல் நிற்கும். ஊழலுக்கு எதிரான காவலும் ஒரு முறை செய்து முடித்துவிடக்கூடிய காரியமன்று. இறைக்கும் பம்பை நிறுத்தும் உரிமை வேறொருவர் கையில் இருந்தால், சுரங்கத்தின் பத்திரம் அவருடைய நல்லெண்ணத்தைப் பொறுத்ததாகிவிடும்.

அதே 1964-ல் சென்னை ராஜ்யத்திலும் விஜிலென்ஸ், லஞ்ச ஒழிப்பு இயக்குநரகம் ஏற்பட்டது. இதனால் நெய்வேலி வட்டாரத்தில் ஒரு விசித்திர நிலைமை உண்டாயிற்று. நகரியத்தின் ஆபீசுகளில் பணிபுரிவோர் மத்தியக் கமிஷனுக்கும் சி.பி.ஐ.க்கும் உட்பட்டவர்கள், அதே கம்பெனிக்காக நிலம் எடுக்கும் தனித் தாசில்தாரும், சர்வேயரும், கிராம நிர்வாக அலுவலரும், பத்திரம் பதியும் சார்பதிவாளரும் மாநில இயக்குநரகத்திற்கு உட்பட்டவர்கள். ஒரே ஏக்கர் நிலம், ஒரே நஷ்டஈடு. ஆனால் அது கடந்துவரும் மேஜைகளுக்கு இரண்டு காவல்கள், இரண்டு முகவரிகள், இரண்டு நடைமுறைகள். மந்தாரக்குப்பத்திலோ, வடக்குத்திலோ, குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமமொன்றிலோ வாழும் விவசாயி, தன்னிடம் பணம் கேட்டவர் எந்தச் சர்க்காரைச் சேர்ந்தவர் என்று நிர்ணயித்த பிறகே புகார் எழுத வேண்டியிருந்தால், புகாரில் பாதி எழுதுவதற்கு முன்பே கைவிடப்படும் என்பதில் வியப்பில்லை.

நெய்வேலிக்கு அண்டையிலேயே மற்றொரு பாடமும் உண்டு. சேத்தியாத்தோப்பை அடுத்த வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்குக் குடிநீர் கொண்டுசெல்ல 1970களில் மேற்கொள்ளப்பட்ட திட்டம் பாதியில் நின்று, அதற்கென்று வார்த்த பெருங்குழாய்கள் சாலையோரங்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததை அவ்வழிப் பிரயாணம் செய்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாநில மந்திரிசபை கலைக்கப்பட்டதை அடுத்து 1976 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் நியமித்த நீதிபதி சர்க்காரியா கமிஷன், வேறு பல புகார்களோடு வீராணம் ஒப்பந்தத்தையும் விசாரித்து, அது வழங்கப்பட்ட முறையில் குறை கண்டது. ஆனால் அதன் விளைவாகக் கோர்ட்டில் தண்டனை பெற்றவர் எவருமில்லை. அரசியல் போராட்டத்தின் உஷ்ணத்தில் பிறந்த விசாரணை, ஒரு கட்சியாருக்கு உண்மையென்றும் மறு கட்சியாருக்குப் பழியென்றும் தோன்றி, அரசியல் காற்று மாறியதும் வலுவிழந்தது. காவலுக்கு வேண்டிய தூரம் எஜமானனிடமிருந்து மட்டுமன்று, எஜமானனின் எதிரியிடமிருந்தும் வேண்டும் என்பதே அதன் படிப்பினை. ஏரி நீர் சென்னையை அடைந்தது புதிய திட்டம் முடிந்த 2004-ல்தான். நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் தரும் அத்திட்டத்திற்காக நகரத்து ஏழைகள் அத்தனை காலமும் குடத்தோடு தெருவில் காத்திருந்தார்கள்.

தூரத்தைப் பெறும் முயற்சியில் திருப்பம் நேர்ந்தது 1997 டிசம்பர் 18 அன்று. ஹவாலா வழக்கு என்று பிரசித்தி பெற்ற வினீத் நாராயண் வழக்கில், சி.பி.ஐ.யின் மீது மேற்பார்வை செலுத்தும் பொறுப்பு மத்திய விஜிலென்ஸ் கமிஷனுக்கு வேண்டும், அந்தக் கமிஷனுக்குச் சட்ட அந்தஸ்து வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. முதலில் அவசரச் சட்டமாகவும், பின்னர் 2003-ஆம் ஆண்டுச் சட்டமாகவும் அது உருப்பெற்றது. இடைக்காலத்தில் கமிஷனராயிருந்த என். விட்டல், கமிஷன் நடவடிக்கை சிபாரிசு செய்த உயர் உத்தியோகஸ்தர்களின் பெயர்களை 2000-ஆம் ஆண்டில் பகிரங்கமாக வெளியிட்டு, மூடிய கோப்புகளுக்குள் இருந்ததை நாடறியச் செய்தார். 2011 மார்ச்சில் ஒரு கமிஷனரின் நியமனத்தையே சுப்ரீம் கோர்ட் ரத்து செய்து, காவலனைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த ஸ்தாபனத்தின் மாசின்மையையே முதன்மையாகக் கருத வேண்டுமென்று விதித்தது. இவையெல்லாம் உண்மையான முன்னேற்றங்கள். ஒரு தீர்மானத்தின் குழந்தையாகப் பிறந்த கமிஷன், பார்லிமெண்டின் சட்டத்தால் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கியது. அதன் யோசனையை ஓர் இலாகா மீறினால் அதை ஆண்டறிக்கையில் பார்லிமெண்டுக்கு அறிவிக்கும் உரிமை இன்று அதற்கு உண்டு.

புகார் சொல்பவனின் உயிருக்குப் பாதுகாப்பில்லாத இடத்தில் இந்த ஏற்பாடெல்லாம் வீண் என்பதை நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றது. தேசிய நெடுஞ்சாலை வேலையில் நடந்த முறைகேடுகளைத் தம் பெயரை வெளியிட வேண்டாமென்ற வேண்டுகோளோடு பிரதமருக்கு எழுதிய இளம் எஞ்சினீயர் சத்யேந்திர துபே, 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய கடிதம் பெயரோடேயே ஆபீசு ஆபீசாகச் சென்றிருந்தது. அதன் பின்னரே, 2004 ஏப்ரலில், புகார் கொடுப்போரின் பெயரை ரகசியமாகக் காக்கும் பொறுப்பு மத்திய விஜிலென்ஸ் கமிஷனிடம் ஒப்படைக்கப்பட்டது. அதையே முழுமையான சட்டமாக்கி 2014-ல் பார்லிமெண்டு நிறைவேற்றியதோ இன்னும் அமலுக்கு வரவில்லை. ஒரு சுரங்கத் தொழிலாளியோ, கிடங்குக் கணக்கரோ தாம் கண்டதைச் சொல்லத் துணியும்போது அவருக்குச் சமூகம் செய்ய வேண்டிய முதற் கடமையே இவ்வாறு பாக்கி நிற்கிறது.

இன்றைய நெய்வேலியில் காவலின் கருவிகள் பெருகியிருக்கின்றன. டெண்டர்கள் மின்னணு முறையில் வருகின்றன. பெரிய கொள்முதல்களில் லஞ்சம் கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை என்று இருதரப்பாரும் கையெழுத்திடும் நேர்மை ஒப்பந்தமும், அதைக் கவனிக்க வெளியார் சிலரும் உண்டு. சர்தார் படேலின் பிறந்த நாளான அக்டோபர் 31-ஐ ஒட்டி ஆண்டுதோறும் விஜிலென்ஸ் வாரம் அனுஷ்டிக்கப்பட்டு, ஊழியர்கள் உறுதிமொழி எடுக்கிறார்கள், மாணவர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். டெல்லியில் லோக்பாலும் சென்னையில் லோக் ஆயுக்தாவும் 2019-ல் உருப்பெற்றன. ஆனால் 2018-ல் லஞ்ச ஒழிப்புச் சட்டத்தில் சேர்ந்த 17-ஏ பிரிவு, உத்தியோகக் கடமையில் எடுத்த தீர்மானங்களைப் பற்றி விசாரணை தொடங்குவதற்கே முன் அனுமதி வேண்டும் என்று விதித்து, அந்த அனுமதிக்கு மூன்று மாதமும், மேற்கொண்டு ஒரு மாதமும் அவகாசம் தந்திருக்கிறது. நேர்மையான அதிகாரி துணிந்து முடிவெடுக்க அஞ்சாதிருக்க வேண்டும் என்ற அதன் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்களில் ஆவணம் மறையும், சாட்சி மனம் மாறுவான் என்பதும் அனுபவம். ஆராய்ச்சியை மூன்று மாதத்திலும், இலாகா விசாரணையை ஆறு மாதத்திலும் முடிக்க வேண்டுமென்று கமிஷனே கால அட்டவணை வகுத்திருந்தும், அது காற்றில் விடப்படுவதை அதன் ஆண்டறிக்கைகளே திரும்பத் திரும்ப வருத்தத்தோடு எடுத்துரைக்கின்றன.

தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரின் அனுபவத்தை இங்கே ஒப்பிடுவது பயனுள்ளது. போலீஸ் உத்தியோகஸ்தர்களே சம்பந்தப்பட்ட அபினிக் கொள்ளையின் பிறகு, போலீசிலிருந்து பிரித்து 1952-ல் ஏற்பட்டது அங்குள்ள லஞ்சப் புலனாய்வு அமைப்பு. ஹாங்காங்கிலும் ஓர் உயர் போலீஸ் அதிகாரி தப்பியோடிய அவமானத்திற்குப் பின், 1974-ல், கவர்னருக்கு மட்டுமே பதில் சொல்லும் சுதந்திரக் கமிஷன் வந்தது; அது குற்றவாளியைப் பிடிப்பதோடு நில்லாமல், ஆபீசு நடைமுறைகளைத் திருத்துவதையும், மக்களிடம் சென்று நம்பிக்கை வளர்ப்பதையும் சமமான கடமைகளாகக் கொண்டது. அவை சிறு நகர ராஜ்யங்கள் என்பது உண்மையே. ஆயினும் தூரமும் விரைவும் ஒன்று சேர்ந்த இடத்தில் ஒரு தலைமுறைக்குள் மக்களின் எதிர்பார்ப்பே மாறிவிட்டது என்பதும் உண்மை.

சந்தானம் கமிட்டி தாமதத்தை நோயென்று கண்டது. அறுபது ஆண்டுகளில் நாம் வளர்த்த மருந்தையே அதே தாமதம் பற்றிக்கொண்டது. தூரத்தைச் சட்டங்களாலும் தீர்ப்புகளாலும் ஓரளவு சம்பாதித்தோம், காலத்தைச் சம்பாதிக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு நிரூபிக்கப்படும் குற்றம் குற்றவாளியைத் திருத்துவதில்லை. பத்தாண்டுக்குப் பின் நிரபராதியென்று விடுவிக்கப்படும் நேர்மையான ஊழியனின் இழந்த பதவி உயர்வுகளை எந்த உத்தரவும் திருப்பித் தருவதில்லை. எனவே எத்தனை பேரைப் பிடித்தார்கள் என்ற எண்ணிக்கையால் மட்டும் இந்த ஸ்தாபனங்களை மதிப்பிடுவது பிழை. நெய்வேலியைப் போன்ற பொதுத்துறை நகரம் ஒவ்வொன்றிலும், விஜிலென்ஸ் வாரத்தில் உறுதிமொழி படிப்பதோடு, அந்த ஆண்டில் வந்த புகார்கள் எத்தனை, ஒவ்வொன்றும் வந்த தேதி எது, முடிவான தேதி எது, முடியாததற்குக் காரணம் என்ன என்பதை, புகார் செய்தோரின் பெயரை மறைத்து, தமிழில் அச்சிட்டு வெளியிடட்டும். மாநில அமைப்பும் மத்திய அமைப்பும் ஒரே இடத்தில் மனுக்களைப் பெற்று, எந்தச் சர்க்காருக்கு உரியதென்று பிரிக்கும் பொறுப்பைத் தாமே ஏற்கட்டும். நிலம் கொடுத்தவனும், வரி கொடுத்தவனும், சுரங்கத்தில் உழைப்பவனும் அந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் உரிமை பெற்ற நாளிலிருந்துதான், பொது முதலுக்குப் பொதுமக்களே உடையவர் என்ற கொள்கை நெய்வேலியில் நடைமுறையாகும்.